எழுத்து மையத்தின் இரண்டு நாள் இயக்குநர்

ஜானகி அந்தப் பல்கலைக்கழகத்துக்கு வேலைக்கு வந்ததற்குக் காரணம் இன்னொருத்தரின் பிரசவம். ஆங்கிலத் துறையில் ஒரு பேராசிரியை பிள்ளை பெறப் போயிருந்தார். அவர் திரும்பி வரும்வரை பொறியியல் மாணவர்களுக்குக் கடிதமும் கட்டுரையும் அறிக்கையும் எழுதக் கற்றுக்கொடுக்க ஒரு ஆள் தேவை என்றார்கள். ஒரு செமஸ்டர்தானே என்று ஜானகி ஒப்புக்கொண்டாள். பிள்ளை பிறந்தது, தவழ்ந்தது, பள்ளிக்கூடம் போனது. இப்போது அதற்கு மீசை அரும்பி, அம்மாவோடு வாயாடிக்கொண்டிருக்கிறது. ஜானகி மட்டும் இன்னும் தற்காலிகமாகவே இருந்தாள்.

அவளுடைய பதவிக்கு 'கெஸ்ட்' என்று பெயர். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் உட்காரச் சொல்லி ஒரு வாய் காபி கொடுப்போம். இங்கே உட்கார நாற்காலியே கிடையாது. வகுப்பு எடுத்தால் அந்த வகுப்புக்குச் சம்பளம். பந்த் என்றாலோ, மழையில் சால்ட் லேக் தெருக்கள் ஏரியானாலோ ஒன்றும் இல்லை. துர்கா பூஜை வருகிறது என்று ஊரே புதுத்துணி வாங்கிக் கொண்டாடும்போது ஜானகி மளிகைக் கணக்கைக் குறைத்துக்கொண்டிருப்பாள். பூஜை விடுமுறை நீளமானது. சம்பளம் வராத விடுமுறை.

இதுபோக, செமஸ்டர் முடியும்போதெல்லாம் அவளை வேலையைவிட்டு நீக்கிவிட்டு, சில நாள் கழித்துத் திரும்பச் சேர்த்துக்கொள்வார்கள். தொடர்ந்து வேலை செய்தேன் என்று பின்னால் யாரும் வழக்குப் போட்டுவிடக் கூடாதாம். அடையாள அட்டையைத் திரும்ப வாங்குவது துறை அலுவலகத்தில் இருந்த போலாய்-தாவின், அதாவது போலாய் அண்ணனின், பொறுப்பு. அவர் ஒவ்வொரு தடவையும் எழுந்து நின்று, உண்மையான துக்கத்தோடு, "போய் வாங்க தீதி, எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்" என்று வங்காள மொழியில் வழியனுப்புவார். அடுத்த வாரம் அதே மேஜை டிராயரிலிருந்து அதே அட்டையை எடுத்து நீட்டி, "வாங்க தீதி, புதுசா சேர்ந்திருக்கீங்களா?" என்பார். அவர் கேலி செய்கிறாரா, நிஜமாகவே அப்படித்தான் நினைக்கிறாரா என்று ஜானகியால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை.

அறை இல்லாத காரணத்தால், தரைத்தளத்து மாடிப்படிக்குக் கீழே குடிதண்ணீர் ஃபில்டர் பக்கத்தில் கிடந்த பெஞ்சில் அவள் உட்கார்ந்துகொள்வாள். மாணவர்கள் தங்கள் கட்டுரைகளோடு அங்கேதான் வருவார்கள். யாராவது பாட்டிலில் தண்ணீர் பிடிக்கும்போது தெறித்து ஒரு பத்தி அழிந்துபோகும். "பரவாயில்ல, அது தேவையில்லாத பத்திதான்" என்பாள் ஜானகி. மாணவர்கள் வைத்த பெயர் 'ஃபில்டர் மேம்'. தப்பும் தவறுமாக உள்ளே போவது சுத்தமாக வெளியே வருகிறது என்று அதற்கு ஒரு விளக்கமும் வைத்திருந்தார்கள்.

மற்றபடி அவளுடைய அலுவலகம் முழுவதும் தோளில் தொங்கிய பைதான். மார்க்கர் பேனா, டஸ்டர், ஸ்டேப்ளர், குடை, டிபன் டப்பா, திருத்தாத தாள்கள், திருத்திய தாள்கள் எல்லாம் அதற்குள்ளே. காலையில் டாக்குரியாவில் லோக்கல் ரயிலைப் பிடித்து சியால்தாவில் இறங்கி, அங்கிருந்து செக்டர் ஃபைவ் மெட்ரோவில் ஏறினால் திருத்தத் தொடங்கிவிடுவாள். பக்கத்து சீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்து, "இவனுக்கு இவ்வளவு மார்க்கா?" என்று அபிப்பிராயம் சொல்வதும் உண்டு.

அவள் புருஷன் வீரபாண்டியன் உசிலம்பட்டிப் பக்கத்துக்காரன். கிதிர்ப்பூர் துறைமுகத்தில் வேலை. ஜானகி பிறந்து வளர்ந்ததெல்லாம் இதே ஊரில், லேக் கார்டன்ஸில். அவளுடைய அப்பா மத்திய அரசு வேலையில் மாற்றலாகி வந்து, திரும்பிப் போக மனமில்லாமல் தங்கிவிட்டவர். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வீரபாண்டியனின் வங்காளம் மீன் வாங்கும் அளவுக்குத்தான் தேறியிருந்தது. ஆனால் வேலை நிலைமை பற்றி அவனிடம் கருத்துக்கள் நிறைய இருந்தன.

"இங்கேரு ஜானகி, எங்க கிரேன் ஓட்டுறவனுக்குக்கூட ஒசரத்துல ஒரு ரூமு இருக்கு. ஃபேன் வச்சு, சாமி படம் ஒட்டி வச்சிருக்கான். நீ எம்.ஏ. படிச்சிட்டு மாடிப்படிக்குக் கீழ குத்தவச்சு ஒக்காந்திருக்க."

"குத்தவச்சு இல்லீங்க, பெஞ்சு இருக்கு."

"பெஞ்சு இருக்குன்னு பெருமை வேறயா ஒனக்கு?"

ஒரு வருஷம் டிசம்பரில் துறைத் தலைவர் சான்யால் அவளைக் கூப்பிட்டனுப்பினார். சான்யால் கெட்டவர் இல்லை, பயந்தவர். மேலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தாலே கையை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் திறப்பார். அன்றைக்கு இரண்டு கைகளும் நெஞ்சில் இருந்தன.

"ஜானகி, தர மதிப்பீட்டுக் குழு வருது. திங்களும் செவ்வாயும். நம்ம பல்கலைக்கழகம் அனுப்பின அறிக்கையில ஒரு சின்ன விஷயம் எழுதிட்டாங்க."

"என்ன ஸார்?"

"நம்மகிட்ட ஒரு எழுத்து மையம் இருக்குன்னு."

"இருக்கா ஸார்?"

"இல்ல. அதான் விஷயம்." சான்யால் தொண்டையைச் செருமினார். "அதுக்கு ஒரு இயக்குநர் இருக்கிறதாவும் எழுதியிருக்காங்க. அது நீங்க."

ஜானகிக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கிக்கொண்டு, "எப்பலேர்ந்து ஸார்?" என்று கேட்டாள்.

"திங்கட்கிழமைலேர்ந்து. செவ்வாய்க்கிழமை வரைக்கும்."

முதல் மாடியில் விளையாட்டுச் சாமான்கள் போட்டு வைத்த அறை ஒன்று இருந்தது. உடைந்த கேரம் பலகைகள், கயிறு இழுக்கும் போட்டிக்கான கயிறு, காற்றுப் போன பந்துகள் எல்லாம் வெளியே போயின. ஒன்று மட்டும் போகவில்லை. சரஸ்வதி பூஜைக்காக மாணவர்கள் தெர்மோகோலில் செய்த ஆளுயர அன்னப்பறவை. அறைக்குள்ளே வைத்துச் செய்துவிட்டார்கள். கதவு வழியாக வெளியே வராது என்று முடித்த பிறகுதான் தெரிந்திருக்கிறது. அந்த வருஷம் தேவி அன்னமில்லாமலேயே எழுந்தருளினாளாம். போலாய்-தா அதைச் சாய்த்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். கழுத்தை அறுத்தால் போகும் என்று அறையைச் சரிசெய்ய வந்த தச்சர் சொன்னதற்கு, "சரஸ்வதியோட வாகனத்தை அறுக்கச் சொல்றியா? அதுவும் படிப்புச் சொல்லிக்கொடுக்கிற இடத்துல?" என்று கொதித்துப் போனார். கடைசியில் அன்னத்தை மூலையில் நிறுத்தி, முன்னால் ஒரு நீலத் திரையைத் தொங்கவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலையில் ஜானகி போனபோது அறை அடையாளமே தெரியவில்லை. துணைவேந்தர் வரவேற்பறையின் சோபா, நூலகத்தின் அலமாரி, நர்சரியிலிருந்து வாடகைக்கு எடுத்த செடிகள். கதவில் பித்தளையில் ஒரு பலகை: எழுத்து மையம், இயக்குநர் ஜானகி வீரபாண்டியன். அவள் அந்தப் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். யாரும் கவனிக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு விரலால் தடவியும் பார்த்தாள். பிறகு சுழல் நாற்காலியில் உட்கார்ந்து மெதுவாக ஒரு சுற்று சுற்றினாள். இரண்டாவது சுற்றின் நடுவில் சான்யால் உள்ளே வந்துவிட்டார்.

"ஜானகி, இவங்கதான் மாணவர்கள்" என்று நாலைந்து பேரைக் காட்டினார். நன்றாக உடுத்தி, நன்றாகப் பேசக்கூடியவர்களாகப் பொறுக்கி எடுத்திருந்தார். அவர்களுக்குத் தலைவி மேக்னா. என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று பாடமே பண்ணியிருந்தாள்.

சான்யால் கணக்கில் எடுத்துக்கொள்ளாதது ஒன்று உண்டு. ஃபில்டர் மேமுக்கு ரூம் கிடைத்துவிட்டது என்ற செய்தி காலை பத்து மணிக்குள் விடுதி முழுக்கப் பரவிவிட்டது. பதினோரு மணிக்கு நிஜ மாணவர்கள் வரத் தொடங்கினார்கள். கசங்கின சட்டையும் ரப்பர் செருப்புமாக வந்து சோபாவில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். இடமில்லாதவர்கள் வராந்தாவில் வரிசையாக நின்றார்கள். வேலை விண்ணப்பம், செமினார் அறிக்கை, காதலிக்கு மன்னிப்புக் கடிதம் என்று ஆளுக்கொன்று கையில்.

சான்யால் ஓடிவந்தார். "இவங்களையெல்லாம் அனுப்புங்க! குழு படியேறி வந்துட்டிருக்கு!"

"எப்படி ஸார் அனுப்புறது? எழுத்து மையம்னு போட்டிருக்கே."

குழுவில் மூன்று பேர். தலைவி தேஷ்பாண்டே என்ற நாக்பூர்ப் பேராசிரியை. பருத்திப் புடவை, நரைத்த கூந்தல், வேகமான கண்கள். அவர் உள்ளே நுழைந்தபோது ஜானகி மெக்கானிக்கல் படிக்கும் ரோஹித்தின் கடிதத்தைத் திருத்திக்கொண்டிருந்தாள். ஃபேன் ஓடாதது பற்றி அவன் விடுதிக் காப்பாளர்மேல் எழுதிய புகார் அது.

"ரோஹித், 'நான் இரண்டு வருடமாக வார்டனால் அவதிப்படுகிறேன்'னு எழுதியிருக்கே. வார்டன் என்ன மூட்டுவலியா? ஃபேன் ஓடலைன்னு முதல் வரியிலேயே சொல்லு. அவதி அதுக்கப்புறம் தானா வரும்."

தேஷ்பாண்டே சத்தமில்லாமல் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். முடியும்வரை கேட்டார். பிறகு மாணவர்கள் பக்கம் திரும்பி, "நீங்கள்லாம் இங்கே அடிக்கடி வர்றதுண்டா?" என்றார்.

மேக்னா எழுந்து நின்றாள். "வாரத்துக்கு ரெண்டு முறை மேடம். இந்த மையம் எங்கள் ஆளுமையை வளர்க்கிறது."

"நான் தினமும் வருவேன்" என்றான் ரோஹித். பாவம், அவனுக்கு யாரும் எதுவும் சொல்லித்தரவில்லை. "ஆனா ரூமுக்கு இன்னிக்குத்தான். இதுக்கு முன்னாடி மேம் ஃபில்டர்கிட்டதான் இருப்பாங்க."

சான்யாலின் கை நெஞ்சுக்குப் போனது.

"ஃபில்டர்னா?" என்றார் தேஷ்பாண்டே.

ஜானகிக்குப் பொய் சொல்ல வராது. உண்மையைச் சொன்னால் வேலை போகும். "தண்ணி ஃபில்டர் மேடம். கீழே, மாடிப்படிகிட்ட" என்று மட்டும் சொன்னாள்.

"அது எங்களோட புதிய முயற்சி மேடம்!" சான்யாலுக்கு எங்கிருந்து அந்த அருள் வந்ததோ தெரியவில்லை. "மாணவர்கள் மையத்தைத் தேடி வரணும்னு காத்திருக்காம, மாணவர்கள் கூடுற இடத்துக்கு மையமே போகுது. எல்லா மாணவருக்கும் தாகம் எடுக்கும் இல்லையா? அதனால குடிநீர் இருக்கிற இடம்!"

குழுவின் மற்ற இருவரும் பாராட்டாகத் தலையசைத்துக் குறித்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் எழுதியபடியே பின்னால் நகர்ந்து திரையில் சாய்ந்தார். திரை அறுந்து விழுந்தது. ஒரு கண் உதிர்ந்துபோன பிரம்மாண்டமான அன்னம் அவர் தோளுக்கு மேலே தலையை நீட்டியது. அவர் அலறிய அலறலில் வராந்தாவில் நின்றவர்களெல்லாம் உள்ளே பாய்ந்தார்கள்.

"பாலையும் தண்ணியையும் பிரிக்கிற பறவை" என்றாள் ஜானகி அவசரமாக. "எழுத்துக்கு அதுதானே மேடம் வேணும்?"

தேஷ்பாண்டே அன்னத்தைப் பார்த்தார், சான்யாலைப் பார்த்தார், ஜானகியைப் பார்த்தார். சிரிப்பை அடக்கும்போது அவருடைய மூக்கு மட்டும் துடித்தது. "நான் கொஞ்சம் முகம் கழுவணும். பெண்கள் கழிவறை எங்கே இருக்கு?" என்று எழுந்தார்.

"எனக்குச் சரியாத் தெரியாது மேடம். ஆசிரியர்களுக்குனு ஒண்ணு இருக்கு. அதோட சாவி நிரந்தர ஆசிரியர்களுக்கு மட்டும்தான்" என்றாள் ஜானகி.

"அப்போ நீங்க?"

"நாலாவது மாடியில மாணவிகளோடது. அதுல தாழ்ப்பாள் கிடையாது. ஒரு பொண்ணைக் காவலுக்கு நிறுத்திட்டுப் போவேன். பெரும்பாலும் மேக்னாதான்."

மேக்னா ஆமாம் என்று தலையாட்டினாள். இதற்கு யாரும் அவளைப் பாடம் பண்ண வைத்திருக்கவில்லை. தேஷ்பாண்டேயின் மூக்கு துடிப்பதை நிறுத்தியது. ஜானகியின் கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனார். போலாய்-தா சாவிக்கொத்தோடு ஓடிவந்து திறந்துவிட்டார். உள்ளே ஆளுயரக் கண்ணாடி, வாசனைச் சோப்பு, பிளாஸ்டிக் ரோஜா வைத்த ஜாடி. ஜானகி கண்காட்சிக்கு வந்தவள்போல நின்று பார்த்தாள்.

"எத்தனை வருஷமா இங்கே வேலை பார்க்கறீங்க?" என்று கை துடைத்தபடி கேட்டார் தேஷ்பாண்டே.

"தற்காலிகமாவா மேடம், மொத்தமாவா?"

அவர் கைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து ஏதோ எழுதிக்கொண்டார்.

புதன்கிழமை காலையில் சோபா போனது. மத்தியானம் செடிகள் போயின. அலமாரியைத் தூக்க வந்தவர்கள் சுழல் நாற்காலியையும் உருட்டிக்கொண்டு போனார்கள். பலகையைக் கழற்ற முடியவில்லை. தச்சர் அவசரத்தில் திருகாணியை ஏதோ பசை போட்டு இறுக்கியிருந்தார். போலாய்-தா அறையைப் பூட்டவும் இல்லை. "பூட்டுன்னு எனக்கு யாரும் எழுதித் தரலை தீதி" என்றார் கூரையைப் பார்த்துக்கொண்டு. ஜானகி ஒரு மடக்கு நாற்காலியைத் தேடிப் பிடித்து உள்ளே போட்டுக்கொண்டாள். மாணவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். அன்னத்தின் முதுகில் குடைகளை மாட்டினார்கள்.

மார்ச்சில் குழுவின் அறிக்கை வந்தது. பல்கலைக்கழகத்தின் நூலகத்தைப் பற்றி அதில் நல்ல வார்த்தை ஒன்றும் இல்லை. ஆய்வுக்கூடங்களைப் பற்றி இருந்தது நல்ல வார்த்தை இல்லை. எழுத்து மையத்துக்கு மட்டும் அரைப் பக்கம் பாராட்டு. குடிநீர் இருக்கும் இடத்துக்கே போய்க் கற்பிப்பது பிற நிறுவனங்கள் பின்பற்றத் தக்கது என்று எழுதி, மையத்தின் வளர்ச்சியை ஆண்டுதோறும் தெரிவிக்க வேண்டும், இயக்குநருக்கு முறையான பணி ஆணை வழங்க வேண்டும் என்றும் தேஷ்பாண்டே சேர்த்திருந்தார்.

சான்யால் மறுநாள் பேசலாம் என்று செய்தி அனுப்பினார். அன்று சாயங்காலம் டாக்குரியா வீட்டில் ஆலோசனை நடந்தது.

"நின்னுக்கிட்டுக் கேக்காத" என்றான் வீரபாண்டியன். "எங்க யூனியன்ல அதான் மொதப் பாடம். நின்னா அவய்ங்க சீக்கிரம் அனுப்பிச்சிருவாய்ங்க. ஒக்காந்துட்டியின்னா ஏதாவது குடுத்துத்தான் எந்திரிக்க வைக்கணும்."

"அங்க உட்காரவே இடம் இருக்காதுங்க. எதிர் நாற்காலி முழுக்க ஃபைலா இருக்கும்."

"எடுத்துக் கீழ வையி."

"மா, ரொம்ப தேங்க்யூ சொல்லிடாதே ப்ளீஸ்" என்றாள் மகள் மஹிமா. "நீ பயந்தா தேங்க்யூ தேங்க்யூன்னு சொல்லிட்டே இருப்பே. ஏக்தம், ஒரேயடியா பலவீனமா தெரியும்."

மறுநாள் சான்யாலின் அறையில் ஜானகி அப்படியே செய்தாள். ஃபைல்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் அடுக்கினாள். சான்யால் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அடுக்கி முடித்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள்.

"உங்களை கௌரவ இயக்குநரா நியமிக்கலாம்னு..." என்று ஆரம்பித்தார் சான்யால்.

"கௌரவம்னா சம்பளம் இல்லாதது ஸார். அது ஏற்கெனவே நிறைய இருக்கு."

"பின்ன?"

"ஒரு வருஷத்துக்கு ஆணை. நடுவுல நீக்கிச் சேர்க்கிறது கூடாது. மாசச் சம்பளம். பூஜை மாசத்துக்கும் சேர்த்து. கழிவறைச் சாவி." தேங்க்யூ என்ற சொல் தொண்டைவரை வந்தது, எச்சிலோடு விழுங்கினாள்.

"நிதிப் பிரிவுல ஒத்துக்கமாட்டாங்களே, ஜானகி!"

"பரவாயில்ல ஸார். அடுத்த வருஷம் வளர்ச்சி அறிக்கை எழுதணும் இல்லையா? அதையும் அவங்களே எழுதட்டும்."

சான்யால் டீ வரவழைத்தார். ஜானகி டீயைக் குடித்தாள், எழுந்திருக்கவில்லை. அவருடைய அடுத்த வகுப்புக்கு மணி அடித்தது, அப்போதும் எழுந்திருக்கவில்லை. கடைசியில் அவர் தொலைபேசியை எடுத்து, நிதிப் பிரிவில் யாரிடமோ, "அவங்க இங்கேயே உட்கார்ந்திருக்காங்க, எனக்கு வேற வழி தெரியலை" என்று அழாத குறையாகச் சொன்னார்.

ஆணை வர ஜூலை ஆகிவிட்டது. நிரந்தரம் இல்லை, ஒரு வருஷத்துக்குத்தான். அதை வீரபாண்டியன் தமிழில் சொல்லச் சொல்லி இரண்டு தடவை கேட்டான். அந்த வருஷப் பூஜையின்போது ஜானகி ஊரோடு சேர்ந்து பந்தல் பந்தலாக அலைந்து காலில் கொப்புளம் வரவழைத்துக்கொண்டாள். மெத்தையில் காலை நீட்டிக்கொண்டு, இந்த வலிக்குக்கூடச் சம்பளம் உண்டு என்று மகளிடம் பெருமையடித்தாள். ஆணையோடு சேர்ந்து வந்த வேறு ஒன்றும் இருந்தது: துறைக் கூட்டங்கள். மேஜை விரிப்பின் நிறம் பற்றி ஒரு முழுப் பிற்பகல் பேசுவார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

ஒருநாள் மாலை அவள் அறையில் ரோஹித்தின் விண்ணப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வாசலில் சான்யால் தயங்கி நின்றார். கையில் சுருட்டிய தாள்கள். ஆண்டு விழாவில் அவர் பேச வேண்டும்.

"நீங்க கொஞ்சம் பார்த்துத் தர முடியுமா? வீட்டுக்கு அனுப்பி வைக்கட்டுமா?"

"இங்கேயே பார்க்கலாம் ஸார். இவனுக்கு அப்புறம் மேக்னா, அவளுக்கு அப்புறம் நீங்க. உட்காருங்க."

துறைத் தலைவர் வராந்தா பெஞ்சில் மேக்னாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மேக்னா மரியாதையாக நகர்ந்து இடம் கொடுத்துவிட்டு, முதல் தடவை என்றால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கும், ஆனால் மேம் திட்டமாட்டார் என்று தைரியம் சொன்னாள்.

அவர் முறை வந்தபோது ஜானகி முதல் வாக்கியத்தைப் படித்தாள். அது ஒரு பக்கத்தில் தொடங்கி மறுபக்கத்தில்தான் முடிந்தது. அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"இதுல என்ன சொல்ல வர்றீங்க ஸார்?"

சான்யால் தாளை வாங்கித் தானே ஒருமுறை படித்துப் பார்த்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாருக்கும் நன்றின்னு" என்றார் சன்னமாக.

"அப்போ அதை எழுதுங்க" என்று ஜானகி அவரிடம் ஒரு வெள்ளைத் தாளை நீட்டினாள். அவர் சட்டைப் பையைத் தடவினார், பேனா இல்லை. இன்னும் போகாமல் நின்றிருந்த ரோஹித் தன்னுடையதைக் கொடுத்தான்.